மேற்கு ட்ரங்க் ரோடும் தங்கலானின் குதிரையும்

சென்ற பகுதி கர்ணனின் குதிரைகளோடு நின்றது. 'கற்பகம்' (1963) போன்ற குடும்பக் கதைகளுக்கு ஒளிப்பதிவு செய்த கர்ணன், தானே இயக்க வந்ததும் வீட்டுக் கூடத்தை விட்டுப் பாறைக்கும் பொட்டலுக்கும் கிளம்பிவிட்டார். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) என்று ஜெய்சங்கர் ஏறிய குதிரைகள் கிளப்பிய புழுதி தமிழ்நாட்டு டூரிங் கொட்டகைகளில் அடங்குவதற்கு வெகுநாள் ஆயிற்று. 1971-ல் தெலுங்கில் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளகு மோசகாடு' தமிழும் பேசியது. 1978 தீபாவளிக்கு தேவர் பிலிம்ஸ் 'தாய் மீது சத்திய'த்தில் ரஜினிகாந்துக்குக் கௌபாய் உடுப்பு மாட்டியது. 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது ஓர் ஊருக்கு ஜெய்சங்கரபுரம் என்று பெயர் வைத்துக் கடனைத் தீர்த்தார்.

தொப்பி வந்தது, துப்பாக்கி வந்தது, சாராயக் கடைச் சண்டையும் புதையல் வரைபடமும் வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. நிலம் தேடிப் போகும் குடும்பம். தமிழ் கௌபாய் பழிவாங்கப் போவான், புதையல் எடுக்கப் போவான். ஏர் பிடிக்க மாட்டான், வேலி போட மாட்டான், கிணறு வெட்ட மாட்டான். சட்டி பானையோடு பெண்டு பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் மேற்கே போகிற காட்சி அந்தப் படங்களில் எதிலும் இல்லை. அமெரிக்காவில் வெஸ்டர்ன் படம் பெரிய காவியமாக எழுந்தது அந்தக் காட்சியில்தான்.

1923-ல் ஜேம்ஸ் க்ரூஸ் எடுத்த மௌனப்படமான 'தி கவர்ட் வேகன்' இந்த வரிசையில் முதல் பெரிய படம். கித்தான் கூரை போட்ட வண்டிகள் சாரிசாரியாக ஆரிகனை நோக்கிப் போகும் கதை. நிஜத்தில் அந்த வண்டிகளைப் பெரும்பாலும் இழுத்தவை எருதுகள். போஸ்டர்களில்தான் எப்போதும் குதிரை. 1930-ல் ரவுல் வால்ஷ் 'தி பிக் ட்ரெயில்' எடுத்தார். பேசும்படம் வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நேரத்தில் 70 எம்.எம். அகலத்தில் அதைப் படம்பிடித்தார்கள். வண்டிகளைக் கயிறு கட்டி மலைச்சரிவில் இறக்கும் காட்சியை இன்று பார்த்தாலும் வயிறு கலங்கும். பொருளாதார நெருக்கடியில் தவித்த தியேட்டர்காரர்கள் அகலத் திரைக்குச் செலவு செய்ய மறுத்தார்கள். படம் படுத்தது. அதில் முதன்முறையாகக் கதாநாயகனாக நின்ற ஜான் வெய்ன் என்ற இளைஞர் 1939-ல் 'ஸ்டேஜ்கோச்' வரும்வரை துண்டு துக்கடாப் படங்களில் காலம் தள்ள வேண்டியிருந்தது. 1931-ல் வந்த 'சிமரான்' ஓக்லஹோமா நிலப் பாய்ச்சலைக் காட்டிச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. 1962-ல் 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்' மூன்று கேமராக்கள் வைத்து எடுத்த சினிரமா படமாக வந்தது. ஒரே குடும்பத்தின் தலைமுறைகள் ஆற்றையும் சமவெளியையும் ரயில் பாதையையும் தாண்டி மேற்கே போய்ச் சேர்வதுதான் கதை.

இந்தப் படங்களுக்கெல்லாம் அடியில் ஒரு சட்டம் கிடக்கிறது. 1862 மே மாதம் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். 21 வயது நிரம்பிய குடிமகனோ, குடிமகனாக விரும்பி மனுப் போட்டவரோ சிறு கட்டணம் கட்டி 160 ஏக்கர் கேட்கலாம். ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து உழுது பயிரிட்டால் நிலம் சொந்தம். பெண்களும் கேட்கலாம். அந்த மண்ணில் காலம் காலமாக இருந்த பூர்வகுடிகள் அன்று குடிமக்களாகக் கணக்கில் இல்லாததால் அவர்களால் கேட்க முடியவில்லை. 1889 ஏப்ரல் 22 நண்பகலில் துப்பாக்கி வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் ஓடி ஓக்லஹோமாவில் துண்டு துண்டாக நிலம் பிடித்தார்கள். அது முன்பு பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பிரதேசம்.

(குமணன்சாவடிக்காரர்களுக்கு நிலப் பாய்ச்சல் புதிதல்ல. காட்டுப்பாக்கம், திருமழிசை, திருநின்றவூர் பக்கமெல்லாம் வயலில் கல் நட்டுக் கலர்க் கொடி கட்டி, 'இலவச வேன் வசதி, மதிய உணவு உண்டு' என்று நோட்டீஸ் அடித்த காலத்தை இங்கே பலரும் பார்த்திருக்கிறார்கள். அந்த வேனில் ஏறிப் போனவர்கள்தான் இன்றைய நகர்கள், அவென்யூக்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். துப்பாக்கிக்குப் பதில் புளியோதரை.)

திரையில் நிலம் காலியாகக் கிடக்க வேண்டும். அப்போதுதான் வந்தவன் அதை வென்றான் என்று சொல்ல முடியும். குடியேறியவன் கதை எங்கே சொல்லப்பட்டாலும் அது பட்டா கேட்கும் கதைதான் என்பது என் எண்ணம். தமிழ் சினிமா இந்தக் கதையைத் தொடாததற்குக் காரணம் இங்கே அந்தக் கதை இல்லாதது அல்ல. சினிமா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது சொல்லி முடிக்கப்பட்டு, பட்டாவும் வாங்கியாகிவிட்டது.

எங்கே என்று கேட்டால், குமணன்சாவடியிலிருந்து ஆவடி போய், அங்கிருந்து அம்பத்தூர் பக்கம் திரும்பினால் வரும் திருமுல்லைவாயிலில். மாசிலாமணீசுவரர் கோயில் கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. தலபுராணம் சொல்வது இது: புழலைக் கோட்டையாகக் கொண்டு குறும்பர்கள் ஆண்டார்கள். ஓணன், வாணன் என்பவர்கள் அவர்களில் தலைவர்கள். தொண்டைமான் படையெடுத்து வந்தான். யானையின் காலில் முல்லைக்கொடி சிக்கியது, அதை வெட்டப் போன வாள் சிவலிங்கத்தில் பட்டது, இறைவன் நந்தியைத் துணைக்கு அனுப்பினார், குறும்பர் தோற்றனர். அவர்கள் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்தவைதாம் அந்தத் தூண்கள்.

பக்தர்களுக்கு இது இறைவனின் திருவிளையாடல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெவின்யூ அதிகாரிகளுக்கு இதன் இன்னொரு வடிவம் காதில் விழுந்தது. ஆதொண்டச் சக்கரவர்த்தி குறும்பரை வென்றான். வென்ற காடு வெறுமனே கிடந்தது. அதைத் திருத்த வெளியிலிருந்து வேளாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். வந்தவர்கள் நிலைக்க மாட்டார்களோ என்று அஞ்சி, வழிவழியாக அனுபவிக்கும் உரிமையையும் கொடுத்தான். கர்னல் மெக்கன்சி இந்தக் கதைகளை ஊர் ஊராகச் சேகரித்தார். எல்லிஸ் துரை மிராசு உரிமையைப் பற்றி எழுதும்போது இதை எடுத்தாண்டார். காடு, தோற்ற பழங்குடி, வண்டி கட்டி வந்த குடியேறிகள், அவர்களுக்குக் காலத்துக்கும் நிலம். 'தி கவர்ட் வேக'னின் கதைச்சுருக்கம் இதிலிருந்து எவ்வளவு தூரம்? அங்கே சட்டம் முதலில் வந்தது, பிறகு படம் வந்து அதை நியாயப்படுத்தியது. தொண்டை மண்டலத்தில் கதை முந்திக்கொண்டது.

கம்பெனிக்கு ஆற்காட்டு நவாப் 1763-ல் கொடுத்த ஜாகீர்தான் பிற்காலத்துச் செங்கல்பட்டு ஜில்லா. பூந்தமல்லியும் அதைச் சுற்றிய ஊர்களும் அதில் அடக்கம். இங்கே மிராசுதார்களுக்கு உழுத நிலத்தில் மட்டுமல்ல, தரிசிலும் பிடி இருந்தது. யாராவது தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து போட்டால், அதை முதலில் கேட்கும் உரிமை மிராசுதாருக்கு. நிலத்தில் இறங்கி உழைத்த பறையர் குடும்பங்கள் சேரியில் தாங்கள் குடியிருந்த மனைக்குக்கூட மிராசுதாரின் தயவை நம்பியிருந்தார்கள். ஒருவர் சிறிது பணம் சேர்த்துத் தரிசு கேட்டாலும் அது பக்கத்து வயல்காரரின் பெயருக்குப் போய்விடும். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னது. குடிமனை இல்லாமை, கடனுக்கு அடிமையாக உழைத்தல், தர்க்காஸ்து விதியின் ஓரவஞ்சனை எல்லாம் அதில் இருந்தன. அடுத்த ஆண்டு, 1892-ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தரிசு ஒதுக்கப்படும், முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம். இன்று பஞ்சமி நிலம் என்று நாம் பேசுவது இதைத்தான்.

லிங்கன் சட்டத்துக்கும் இந்த ஆணைக்கும் இடையே 30 ஆண்டுகள். அங்கே ஐந்து ஆண்டு உழுதவன் சொந்தக்காரன் ஆனான், அவன் பெயரில் சினிமா வந்தது. இங்கே கொடுத்த நிலங்களில் எத்தனையோ கைமாறிப் போயின. அவற்றை மீட்கும் போராட்டம் இன்னும் ஓயவில்லை. இந்தப் பக்கத்து உழைப்பாளிக்குத் தன் நிலத்தை வென்ற கதை ஒன்று இருந்தால்தானே அதைப் படம் எடுக்க முடியும்?

ஆனால் அவர்கள் ஊரை விட்டுப் போன கதை இருந்தது. அதுவும் மேற்கே போன கதை.

சென்னைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரோடு தெரியும், ஜி.என்.டி. ரோடு தெரியும். இவற்றோடு பிறந்த மூன்றாவது சாலை ஜி.டபிள்யூ.டி. ரோடு, அதாவது மேற்கு ட்ரங்க் ரோடு. அந்தப் பெயர் பேச்சு வழக்கில் நிலைக்கவில்லை. கோட்டைப் பக்கமிருந்து கிளம்பும் அதுவும், பரங்கிமலையிலிருந்து வரும் சாலையும் பூந்தமல்லியை ஒட்டிச் சேர்ந்து மேற்கே பெங்களூரை நோக்கிப் போகின்றன. குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என்று வழிநெடுக ஊர்ப்பெயர்களே இது வழிப்போக்கர்கள் தங்கிப் போன தடம் என்று காட்டும். கப்பலில் வந்திறங்கிய வெள்ளைச் சிப்பாய்களை உள்நாட்டுக்கு அனுப்புமுன் நிறுத்தி வைத்த ராணுவ டிப்போ பூந்தமல்லியில் இருந்தது. திப்பு 1799-ல் வீழ்ந்ததும் இந்தச் சாலையின் மறுமுனை கம்பெனியின் கைக்குள் வந்தது.

அந்தப் போரில் இருந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். பிரெஞ்சுப் பெயரும் பிரெஞ்சு வளர்ப்பும் உள்ளவர், ஆங்கிலேயப் படையில் சேர்ந்தவர். 1802-ல் மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு எல்லையை அளக்கப் போனபோது, ஊரிகம் பக்கத்து மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. தகவல் தருபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் சேறு அப்பிய மண்ணை வண்டியில் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிப் பொன்துகள் எடுத்துக் காட்டினார்கள். அடுத்து மாரிகுப்பம் போனார். அங்கே பறையர்கள் பூமிக்குள் இறங்கிக் கல் வெட்டி, கூடைகளைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே ஏற்ற, பெண்கள் அந்தக் கல்லை இடித்து மாவாக்கிக் கழுவுவதைப் பார்த்து எழுதி வைத்தார். வாரனின் மிச்சக் கதை சென்னைக்காரர்களுக்குச் சுவையானது. 1805 முதல் 1811 வரை நுங்கம்பாக்கம் வான்நோக்குக் கூடத்தை நடத்தினார், வால்நட்சத்திரங்களை அளந்தார், தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 1825-ல் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். தங்கத்தைப் பற்றி அவர் எழுதியதோ சில பக்கங்கள்தான்.

அந்தச் சில பக்கங்கள் 1871-ல் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஓய்வாக இருந்த மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் சிப்பாயின் கையில் கிடைத்தன. நியூஸிலாந்தில் மாவோரிகளை எதிர்த்து நடந்த போருக்குப் போய்வந்தவர் அவர். அங்கேயே தங்க ஆசை தொற்றியிருந்தது. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார்ப் பக்கம் போய்ப் பார்த்தார். 1873-ல் மைசூர் அரசுக்கு மனு, 1875-ல் குத்தகை. அவரிடம் பணம் இல்லை, உரிமை கைமாறியது. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நுழைந்த பிறகும் சில ஆண்டுகள் நஷ்டம்தான். சாம்பியன் ரீஃப் என்ற பொன்னடுக்கு அகப்பட்டதும் எல்லாம் மாறிற்று.

வெட்ட ஆட்கள் வேண்டுமே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்று தீர்த்த தாது வருஷப் பஞ்சத்தின் தழும்பு அப்போது ஆறியிருக்கவில்லை. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்து நிலமற்ற குடும்பங்கள் மேஸ்திரிகளின் பின்னே கிளம்பின. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் 1864-லேயே போய்விட்டது. பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, கோலார் தங்கவயலுக்குக் கிளைப் பாதை 1894-ல் வந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மைசூர் சமஸ்தானத்துக்குள் ஒரு பெரிய தமிழ் நகரம் எழுந்திருந்தது. 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. சென்னையின் பல தெருக்கள் இருட்டில் கிடந்த காலத்தில் தங்கவயலின் எந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின.

அந்த ஊரின் அமைப்பைப் பார்த்தால் வெஸ்டர்ன் படத்து ஊரே தோற்கும். மேட்டில் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். அதிகாரிகள் அதைக் குட்டி இங்கிலாந்து என்று செல்லம் கொஞ்சினார்கள். கார்ன்வால் சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், காவலுக்குப் பஞ்சாபிகள். கீழே தகரமும் தட்டியும் வைத்துக் கட்டிய லைன் வீடுகளில் தமிழர்கள். காலையில் கூண்டில் ஏறினால் பாதாளம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும், அடுப்படி போல் அனல் வீசும். கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்து ஆட்கள் நடுவயதிலேயே போய்ச் சேர்வார்கள். சயனைடு கலந்து பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய மண், குன்று குன்றாக ஊரைச் சுற்றிக் குவிந்தது. காற்றடித்தால் அது வீட்டுக்குள் வரும்.

அடங்கிக் கிடந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை விட்டது. 1907-ல் சென்னையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னுக்குத் தங்கவயல் தொழிலாளிகள் வாசகர்களாகவும் புரவலர்களாகவும் இருந்தார்கள். அவர் 1914-ல் மறைந்த பின் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்தே 'தமிழ'னை மறுபடி நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிக் காத்தது சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. 1930-ல் கம்பெனி கைரேகைப் பதிவைக் கொண்டுவந்தபோது தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் நின்றது. பகலெல்லாம் பாதாளத்தில் கல் உடைத்தவர்கள் இரவில் பகுத்தறிவுக் கூட்டம் கேட்கப் போன ஊர் அது.

சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் தந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பேரப்பிள்ளைகள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு திரும்புகிறார்கள். 2018-லும் 2022-லும் இந்த ஊரின் பெயரை வைத்தே இரண்டு பாகங்களாக ஒரு படம் வந்து இந்தியா முழுக்கக் கல்லா கட்டியது. கேமரா நிஜத் தங்கவயலின் சயனைடு மேடுகளைக்கூடப் படம்பிடித்தது. அந்த மேட்டைக் குவித்தவர்கள் பேசிய மொழியையும் அவர்கள் வந்த ஊரையும் தேடினால் படத்தில் கிடைக்காது. ஒரு நாயகன் வருவான், அடிமைகளை மீட்பான். தேர்ந்த மசாலா, அதில் எனக்கு மறுப்பில்லை. வரலாறு வேண்டுபவர் வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

அந்தக் கதவை 2024 ஆகஸ்ட் 15 அன்று பா. ரஞ்சித் திறந்தார். ஆவடியை அடுத்த கர்லப்பாக்கத்தில் பிறந்தவர். ஓணனும் வாணனும் தோற்ற கதையைச் சொல்லும் திருமுல்லைவாயில் கோயில் அவர் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. 'தங்கலா'னில் வட ஆற்காட்டு வேப்பூர் கிராமத்தில் விக்ரம் துண்டு நிலம் வைத்து உழுகிறார். வரி கட்டவில்லை என்று நிலம் பறிபோய்க் குடும்பமே பண்ணையடிமை ஆகிறது. கிளெமென்ட் என்ற வெள்ளைக்காரர் தங்கம் தேட ஆள் கேட்டு வர, தங்கலான் கிளம்புகிறான். தமிழ் சினிமா முதன்முறையாக ஒரு குடியேற்றப் பயணத்தை அதன் முழுச் சுமையோடு காட்டியது இதில்தான். ஆற்றைக் கடப்பதும், பாம்புகளும், கருஞ்சிறுத்தையும், பசியும். 'தி பிக் ட்ரெயில்' பார்த்தவர்களுக்கு அந்த முன்பாதியின் எலும்புக்கூடு பழக்கமானதாகத் தெரியும்.

வேறுபாடு எங்கே என்றால், இவன் போய்ச் சேரும் காடு இவனுக்குப் புதிய இடமே அல்ல. அதைக் காக்கும் ஆரத்தியை (மாளவிகா மோகனன்) எதிரி என்று நினைத்துப் போனவன், தானே அவளுடைய வழியில் வந்தவன் என்று கண்டுகொள்கிறான். நிலத்துக்குள் தலை இழந்த புத்தர் கிடக்கிறார். குடியேறியும் பூர்வகுடியும் ஒரே ஆள். அமெரிக்க வெஸ்டர்னால் இதைச் சொல்லவே முடியாது, சொன்னால் அதன் பட்டா செல்லாது. ரஞ்சித்தின் இந்தத் திருப்பத்தைச் சிலர் மாயாஜாலம் என்று ஒதுக்கினார்கள். வாரன் எழுதிய பக்கங்களைத் திறந்து பாருங்கள். லவெலுக்கு எழுபது ஆண்டுகள் முன்பே மாரிகுப்பத்தில் பறையர்கள் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் தங்கத்தைக் கண்டுபிடித்தார் என்ற வாசகத்தில் பாதிக்கு மேல் பொய். புத்தர் சிலைக்குப் பின்னே அயோத்திதாசரின் வரலாற்றுப் பார்வை நிற்கிறது. அதுவும் தங்கவயல் மண்ணிலேயே அச்சேறிய பார்வைதான்.

இன்னொரு காட்சி. கொஞ்சம் தங்கம் கிடைத்ததும் தங்கலான் வெள்ளைக்காரர் உடுப்பு மாட்டிக்கொண்டு குதிரையில் ஊருக்குத் திரும்பி வருகிறான், மேலும் ஆள் சேர்க்க. ஜெய்சங்கர் ஏறியபோது குதிரை வெறும் ஸ்டைல். சேரிக்காரர் குதிரையில் ஏறினால் அடி விழும் நாட்டில், இந்தக் குதிரைக்கு அர்த்தமே வேறு. கங்கம்மாவும் (பார்வதி) மற்றப் பெண்களும் முதன்முதலாக ரவிக்கை போட்டுக் குதூகலிப்பது இதன் தொடர்ச்சி. அதே உடுப்போடு அவன் தன் சனத்தையே கூலிகளாகத் திரட்டித் தருகிறான் என்பதையும் படம் மறைக்கவில்லை. மேஸ்திரிகள் இப்படித்தான் உருவானார்கள்.

குறையும் உண்டு. பின்பாதியில் கனவும் நினைவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டுகிறது. பல வசனங்கள் இரைச்சலில் கரைந்துபோகின்றன. கதையை 1850-களில் வைத்ததால் தாது வருஷப் பஞ்சம் நழுவிவிட்டது. ஆயிரக்கணக்கானோரைத் தங்கவயலுக்குத் துரத்திய நிஜக் காரணம் அதுதானே? ஆவேசத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியை அன்றாட வேலைக்குக் கொடுத்திருக்கலாம். ஒரு நாள் கூலி எவ்வளவு, அரிசி யார் கொடுத்தார், கடன் யாருக்கு என்பதெல்லாம் குடியேற்றக் காவியத்தின் உயிர்நாடி. இவ்வளவையும் சொன்ன பிறகும், தமிழில் வெஸ்டர்னின் தொப்பியை விட்டுவிட்டு அதன் நெஞ்சைத் தொட்ட முதல் படம் இதுதான் என்பேன்.

அதே கோடையில் அமெரிக்காவிலும் ஒரு குடியேற்றக் காவியம் வெளிவந்தது. கெவின் காஸ்ட்னர் தன் சொந்தப் பணத்தைக் கொட்டி எடுத்த 'ஹொரைஸன்', 2024 ஜூன் 28. மூன்று மணி நேரம் ஓடிய முதல் பாகத்துக்கு ஆள் வரவில்லை. இரண்டாம் பாகத்தை ஆகஸ்ட் 16-ல் வெளியிடுவதாக அறிவித்திருந்தார்கள், 'தங்கலான்' வந்த மறுநாள். ஜூலையிலேயே அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். செப்டம்பரில் வெனிஸ் விழாவில் காட்டினார்கள். 1990-ல் 'டான்சஸ் வித் உல்வ்ஸ்' எடுத்துப் பூர்வகுடிகளின் பக்கம் கேமராவைத் திருப்பி, 'சிமரா'னுக்குப் பிறகு சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வெஸ்டர்னுக்குக் கொண்டுவந்தவரே அவர். வண்டிச்சாரி புறப்படுவதை வியந்து பார்க்கும் ரசிகர்கள் அங்கே குறைந்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

இன்று குமணன்சாவடியில் நின்றால் தலைக்கு மேல் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோ பாதை. இதே சாலையில் இன்னும் மேற்கே போனால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி. 2020 பிப்ரவரியில் 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தது அங்கேதான். அடுத்த காவியத்துக்கான காடும் கோட்டையும் அநேகமாக அங்கேதான் எழும்பும்.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் குடியிருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனோ பூட்டனோ தங்கவயலில் வேலை பார்த்திருந்தால், பெட்டியில் கிடக்கும் சம்பளச் சீட்டு, அடையாளத் தகடு, கடுதாசி, லைன் வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் போட்டோ எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். யார் எவர் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். வீட்டில் வைத்துக் காக்க முடியாதென்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே இறங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்த பகுதியில்: ஹாலிவுட்டின் வெஸ்டர்ன் நாயகன் ராட் கேமரூன் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு வந்து, 1952-ல் 'காடு' படமான கதை.